செக்போஸ்ட் மீன்

அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழையும் லாரி ஜூஜுவாடியில் வேகம் குறைக்கும்போதே சாலையோரத்திலிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு வருவார். கோடு போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, அக்குளில் பிளாஸ்டிக் ஃபைல், காதில் ஒரு போன், கையில் இன்னொன்று. டாக்ஸ், பர்மிட், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று எது குறைந்தாலும் அவரிடம் வழி உண்டு. கே.ஏ. வண்டியைக் கன்னடத்திலும் ஏ.பி. வண்டியைத் தெலுங்கிலும் வரவேற்பார், என்.எல். என்று நாகாலாந்து நம்பர் போட்டு வந்தால் ஏமாறமாட்டார், டிரைவர் முகத்தைப் பார்த்துவிட்டு இந்தியில் ஆரம்பிப்பார். விசிட்டிங் கார்டில் அவர் ‘ஆர்.டி.ஓ. கன்சல்டன்ட்’. டிரைவர்கள் வாயில் ஏஜென்ட். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் கணக்கில் சமூகத்தின் ஒட்டுண்ணி. இந்தக் கடைசிப் பட்டத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். உயிரியல்படி அது தப்பு. அவர் ஒட்டுண்ணி அல்ல. ஒட்டுண்ணியைத் தின்று பிழைக்கும் மீன். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை உப்புக்காற்றே இல்லாத ஊரில் அந்த மீன் எப்படி வந்தது என்பது வேறு விஷயம்.

விலங்கியலார் லேப்ராய்டஸ் டிமிடியேட்டஸ் என்று பெயரிட்ட துப்புரவு மீன், விரல் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. செங்கடலிலிருந்து பசிபிக் வரை உண்டு. நம் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளிலும் லட்சத்தீவிலும் உண்டு. நீல உடம்பில் மூக்கிலிருந்து வால்வரை ஒரு கருங்கோடு. பாறையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி வாடிக்கையாளரைக் கூப்பிடும். செதிலில் பூச்சி கடிக்கும் மீன்களெல்லாம் வந்து, வாயையும் செவுளையும் விரித்து, முறைக்குக் காத்து நிற்கும். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் அலெக்சாண்ட்ரா கிரட்டர் எண்ணிப் பார்த்து 1996-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே மீன் ஒரு நாளில் 2,000-க்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களைச் சோதித்து, சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. ஜூஜுவாடியில் அவ்வளவு சுறுசுறுப்பு தீபாவளிக்கு முந்தின வாரம்தான் தெரியும். ஆனால் இந்த உழைப்பாளிக்கு உண்மையில் பிடித்த தீனி ஒட்டுண்ணி இல்லை. வாடிக்கையாளரின் தோல்மேல் இருக்கிற வழவழப்பான சளிப்படலம்தான் அதற்கு அல்வா. ஒட்டுண்ணி தின்றால் சேவை, சளியைக் கடித்தால் களவு. கடிபட்ட மீன் துள்ளுவதைப் பார்த்து ஆராய்ச்சியாளர்கள் களவைக் கணக்கெடுக்கிறார்கள். கட்டணத்துக்கு மேலே ‘செலவு’ என்று ஒரு தொகை சொல்லப்படும்போது டிரைவரின் தோளும் ஒரு துள்ளு துள்ளும். அதை இன்னும் யாரும் ஆய்வேட்டில் ஏற்றவில்லை.

அப்படியானால் எல்லாரையும் கடிக்க வேண்டியதுதானே? கடிப்பதில்லை. செங்கடலில் ரெதுவான் ப்ஷாரி கண்டது இதுதான்: பல பாறைகளுக்குப் போய்வரும் தூரத்து மீனுக்கு முதல் மரியாதை, அந்தப் பாறையைவிட்டு நகராத உள்ளூர் மீனுக்குக் காத்திருப்பு. தூரத்து மீன் கோபித்துக்கொண்டால் அடுத்த கடைக்குப் போய்விடும். உள்ளூர் மீன் எங்கே போகும்? ஹரியானாவிலிருந்து கன்டெய்னர் ஓட்டி வந்தவருக்குப் பத்து நிமிடத்தில் பிரிண்ட் கையில் வரும், தண்ணீர் பாட்டிலும் வரும். சிப்காட்டுக்குள்ளேயே தினம் நாலு நடை அடிக்கிற ஓசூர் டாடா ஏஸ்காரர் எஃப்.சி.க்குக் கேட்டால், “நம்ம ஆளுதானேண்ணா நீங்க, சாயங்காலம் பாத்துக்கலாம்” என்பார். ‘நம்ம ஆளு’ ஆகிவிட்டால் போச்சு.

அடுத்தது, பார்வையாளர். வரிசையில் நிற்கும் மீன்கள் முன்னால் இருப்பவனுக்கு என்ன நடக்கிறது என்று கவனிக்கின்றன. அவை கவனிக்கும்போது துப்புரவு மீன் ஒழுங்காக நடந்துகொள்கிறது. ப்ஷாரியும் கிரட்டரும் 2006-இல் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார்கள். களவா, அஞ்சாளை மாதிரி விழுங்கக்கூடிய ஆசாமிகள் வந்தால் ஒழுங்கோடு உபசாரமும் சேரும்: துடுப்பால் முதுகை நீவிவிடும். அந்த நீவலுக்கு மீனின் மன உளைச்சல் சுரப்பு குறைகிறது என்று 2011-இல் நிரூபித்தவர்கள், அசையும் பொம்மைத் துப்புரவு மீனைச் செய்து தொட்டிக்குள் வைத்திருந்தார்கள்! லாரி உரிமையாளர் சங்கத்துப் பிரமுகரின் வண்டி நின்றால் நம் கன்சல்டன்ட் முதலில் ஃபைலைத் திறப்பதில்லை. “அண்ணா, உக்காருங்க, டீ சொல்றேன். பையன் பிளஸ் டூ என்ன மார்க்?”

“மீனுக்கு மூளை ஏது, அது ஏதோ இயல்பூக்கத்தில் செய்கிறது, இவர் திட்டமிட்டுச் செய்கிறார், இரண்டையும் ஒன்றாக்கலாமா?” என்று கேட்கலாம். மீனை இளப்பமாக நினைக்க வேண்டாம். தொண்டையில் வைத்த பழுப்புப் பொட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கழுத்தை அடிமணலில் தேய்த்துப் பார்த்த மீன் இது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். அது தன்னை அறிதல் ஆகுமா என்ற சண்டை விலங்கியலில் இன்னும் ஓயவில்லை. நின்ற லாரியின் பக்கக் கண்ணாடியில் தலைவாரிக்கொள்ளும் நம்மவரைப் பற்றி அந்தச் சந்தேகம்கூட யாருக்கும் கிடையாது.

கனமான ஆட்சேபம் வேறு. வணிகவரிச் சோதனைச்சாவடிகள் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு போயின, வண்டி வரியை ஆன்லைனில் கட்டலாம், பிறகு இவர் எதற்கு, ஒரேயடியாகத் துடைத்துவிட்டால் என்ன? துடைத்துப் பார்த்திருக்கிறார்கள், கடலில். லிசார்ட் தீவில் சில பாறைகளிலிருந்து துப்புரவு மீன்களை எட்டரை ஆண்டுகள் அகற்றியே வைத்திருந்தபோது, அங்கே குடியிருந்த மீன்கள் 37 சதவீதம் குறைந்தன, இனங்களின் எண்ணிக்கை 23 சதவீதம் குறைந்தது. ஜூஜுவாடியிலும் ஒட்டுண்ணி காகிதத்திலிருந்து ஓ.டி.பி.க்கு இடம் மாறியதே தவிரச் சாகவில்லை. ஓ.டி.பி. ஓனர் போனுக்குப் போகும், ஓனர் ஜெய்ப்பூரில் தூங்குவார், டிரைவர் போனில் சார்ஜ் இருக்காது. அந்த நேரத்தில் லேப்டாப்பும் பிரிண்டரும் வைத்திருப்பவர்தான் துப்புரவு மீன். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒட்டுண்ணி பெருக வேண்டும் என்று மீன் எங்கும் போய் மனுக் கொடுப்பதில்லை. விண்ணப்பம் எளிதாகிவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்தால், நம்மவர் விஷயத்தில் என் வாதம் கொஞ்சம் நொண்டும். அதற்கு மாற்று அவரை ஒழிப்பதில் இல்லை. பக்கத்திலேயே இன்னும் நாலு கடை இருப்பதிலும், கட்டண விவரம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தொங்குவதிலும் இருக்கிறது.

கடைக்குள் நடக்கும் ஒழுங்குமுறையும் கவனிக்கத்தக்கது. துப்புரவு மீனில் ஓர் ஆணும் அதன்கீழ்ப் பல பெண்களும். ஆணும் பெண்ணும் ஒரே வாடிக்கையாளரைக் கவனிக்கும்போது பெண் ஆசைப்பட்டுக் கடித்து அவர் ஓடிவிட்டால், ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தித் துரத்தி அடிக்கும். நிக்கோலா ரைஹானியும் மற்றவர்களும் 2010-இல் காட்டியபடி, அடிபட்ட பெண் அடுத்த முறை கடிப்பது குறைகிறது. இது நீதியுணர்ச்சி இல்லை; தன் சாப்பாடு போன வயிற்றெரிச்சல். டிரைவர் கிளம்பிப் போனபின் அசிஸ்டென்ட் பையன் வாங்கும் திட்டு எந்த வகை என்று கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த ஆணும் நிரந்தரமில்லை. அது செத்தால் பெரிய பெண் ஓரிரு மணி நேரத்திலேயே ஆணைப்போல் அதிகாரம் செய்யத் தொடங்கி, சுமார் இரண்டு வாரத்தில் உடம்பாலும் ஆணாகிவிடும். கன்சல்டன்ட் திருப்பதிக்குப் போகிற வாரத்தில், டேட்டா என்ட்ரி செய்யும் அக்கா நாற்காலி மாறி உட்கார அவ்வளவு நேரம்கூட ஆவதில்லை. போர்ட்டல் பாஸ்வேர்டு முதலிலிருந்தே அவரிடம்தான் இருக்கிறது.