நாலு மூட்டை வண்டி

அப்பா வைத்திருந்த டாடா 207-உம் நான் வாங்கிய இசுசு வி-கிராஸும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஜாதிதான். முன்னால் ஆள், பின்னால் தொட்டி. அவர் வண்டியில் முன்னால் இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தால் பின்னால் ஒரு டன் சொச்சம் தேங்காய் போகும். என் வண்டியில் ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் ஏற்றக் கணக்குப்படி 250 கிலோவுக்கும் குறைவு. அதாவது 50 கிலோ புண்ணாக்கு மூட்டை நாலு. ஐந்தாவது மூட்டையை அப்பா டி.வி.எஸ். எக்ஸெல்லில் எடுத்து வந்தார்.

207-க்கும் அலங்காரம் உண்டு. ஆனால் அதில் ஏறிய ஒவ்வொன்றும் கூடுதலாகச் சுமக்கத்தான். பின் கமானில் இரண்டு பட்டை அதிகம். தொட்டியின் பக்கவாட்டில் வேப்பம்பலகை அடித்து ஒரு முழம் உயர்த்தியிருந்தார். தார்ப்பாய்க் கயிறு மாட்ட வரிசையாகக் கொக்கி. முன் கண்ணாடிக்கு மேல் குலதெய்வத்தின் பெயர், அதற்கு மேல் ஏர் ஹாரன். சாமிக்கும் ஹாரனுக்கும் ஒரே வேலை என்பது அவர் எண்ணம். பொள்ளாச்சிச் சந்தை நாளில் அந்த வண்டி லோடோடு ரோட்டில் இறங்கினால் முன் சக்கரம் தரையை லேசாகத்தான் தொடும். சட்டப்படி பார்த்தால் அதுவும் குற்றம்தான். ஆனால் அந்தக் குற்றத்தில் வாடகை வந்தது.

மூட்டை வண்டிக்குச் சொகுசு ஆசை வந்தது என்னோடு தொடங்கியதல்ல. 1988-இல் வந்த டாடாமொபைல் பிக்-அப்பின் அடித்தளத்தில்தான் 1991-இல் டாடா சியரா வந்தது. பிறகு ஸ்கார்பியோ கெட்அவே, ஸெனான் என்று ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்தன. 2016-இல் வி-கிராஸ் வந்தபோதுதான் எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு நிஜமாகப் பித்துப் பிடித்தது. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியவுடன் இருக்கும் ஸ்ரீசிட்டியில் தயாரிப்பு, சென்னை ஷோரூம் விலை 12.49 லட்சம், நீளம் 17 அடிக்கு மேல், குமிழைத் திருகினால் நாலு சக்கரமும் இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளை போர்டு. தொட்டி வைத்த வண்டியில் கல்யாணத்துக்குப் போய் மண்டப வாசலில் இறங்கலாம் என்பது எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த விடுதலை.

நான் வாங்கி வந்த வண்டியை அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொட்டிக்குள் கையை விட்டுத் தட்டிப் பார்த்தார். “பாதி காரு, பாதி லாரி. எந்தப் பாதிக்குக் கண்ணு பன்னெண்டு லட்சம்?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை, கோயம்புத்தூருக்குப் போய்விட்டேன். அங்கே கடையில் கேட்லாக்கை விரித்தார்கள். பிளாஸ்டிக் பம்பர் போய் இரும்பு பம்பர் வந்தது, அதன் நடுவில் வின்ச். முன்பக்கம் கனத்துத் தலை குனிந்தது. அதை நிமிர்த்த ஸ்பிரிங் மாற்றினோம். வண்டி உயர்ந்ததும் சக்கரம் சூம்பிப்போன மாதிரி தெரிந்தது. 245-ஐக் கழற்றி 265 டயர் போட்டோம். டயர் பெரிதானதும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லத் தொடங்கியது. முள் 80-இல் நிற்கும்போது வண்டி நிஜத்தில் 83-இல் போகும். இதற்கும் ஏதோ மாட்டலாம் என்றார்கள். அதை மட்டும் விட்டேன்.

பின்பக்கம் வேறு கதை. கமான் பட்டை சுமைக்காகப் பிறந்தது. சும்மா போகச் சொன்னால் குதிக்கும், எந்த பிக்-அப்பானாலும். ‘ஏனுங்க, கழுத்து வலிக்குதுங்க’ என்று மனைவி பின் சீட்டிலிருந்து சொன்னதால் தொட்டியில் இரண்டு மணல் மூட்டை போட்டேன். நாலு மூட்டைக் கணக்கில் இரண்டு நிரந்தரமாக மணலுக்குப் போயிற்று. மீதி இரண்டுக்கான இடத்தையும் தொட்டியின் மூடி அடைத்துக்கொண்டது.

ஸ்நார்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கி வைக்கும் சாமான் அது. ஆற்றைக் கடக்கும்போது இன்ஜின் தண்ணீர் குடிக்காது. அதை மட்டும் தூக்கினால் போதாது, கியர் பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் உள்ள மூச்சுக் குழாய்களையும் உயர்த்த வேண்டும் என்று ஒரு பழைய ஜீப் மெக்கானிக் சொன்னார். அவை வெளியே தெரியாதவை என்பதால் யாரும் உயர்த்துவதில்லை. ஆறு எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஆனைமலைக் காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு வண்டி விட முடியாது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவும் நல்ல தார் ரோடு. வாடகை இண்டிகா எனக்கு முன்னால் ஏறிப் போனது. என் ஸ்நார்கல் பார்த்த அதிகபட்ச வெள்ளம், மழை நாளில் ரயில்வே பாலத்தடியில் தேங்கியதுதான். அதையும் எனக்கு முன்னால் ஒரு மினி பஸ் கடந்துவிட்டது.

பிறகு சட்டம் கண் விழித்தது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்னால் மாட்டும் இரும்பு புல்பாரைக் கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் நியாயமானது: மோதலில் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டும், இரும்பைச் சேஸியோடு முடுக்கினால் இடி நேராக உள்ளே வரும், ஏர்பேக்கும் குழம்பும், எதிரே நடந்து வருபவர் பாடு கேட்கவே வேண்டாம். 2019 ஜனவரியில், கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. ‘மாற்றம் ஒன்றுக்கு’ என்ற இடத்தில் நான் வண்டியைப் பார்த்து எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது விற்கலாம் என்று பார்க்கிறேன். புதிய பிக்-அப்கள் இரு மடங்கு விலைக்குப் போய்விட்டதால் பழையதற்கு நல்ல கிராக்கி. வந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “கம்பெனி கண்டிஷன்ல இருக்குதுங்களா?” கம்பெனி பம்பர் களத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, அதனடியில் ஒரு கோழி அடைகாக்கிறது. குஞ்சு பொரிக்கும் வரை எடுக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு. கம்பெனி டயர் அண்டை வீட்டு டிராக்டர் டிரெய்லரில் ஓடுகிறது.

மறுபடி அதே கோயம்புத்தூர்க் கடை. கடைப் பையன் சலிக்கவே இல்லை. “இப்ப எல்லாரும் இதுதாங்ண்ணா கேக்கறாங்க. கழட்டறதுக்குத் தனியா பேக்கேஜே இருக்குதுங்.” விலையைச் சொன்னான். மாட்டிய கூலியை விட அதிகம்.

ஸ்நார்கலுக்காக ஃபெண்டரில் துளைத்த ஓட்டைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். விரலை உள்ளே விட்டுப் பார்த்தான்.

“ஃபெண்டர் மாத்துனா செலவுங்ண்ணா. மேல பெருசா ‘ஆஃப்ரோடு’ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரலாமுங்.”