இன்னும் முன்னாடி இருக்கு சார்

மெல்பர்னில் ஊரிலிருந்து வரும் விருந்தாளியைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போக ஒருவர் நிச்சயம் இருப்பார். "கிரேட் ஓஷன் ரோடு பாக்காம ஊருக்குப் போறதாவது!" என்று விடியுமுன் வண்டியோடு வாசலில் நிற்பார். டிக்கியில் எஸ்கி என்கிற ஐஸ்பெட்டி, அதில் தயிர்சாதம். பெட்ரோலுக்குப் பத்துக் காசு வாங்கமாட்டார். வண்டியையும் நிறுத்தமாட்டார்.

சாலை டோர்க்கியில் தொடங்குகிறது. பெல்ஸ் பீச் பலகையைக் கண்டு நாம் வாயைத் திறப்பதற்குள், "இதெல்லாம் சும்மா சார். இன்னும் முன்னாடி இருக்கு" என்பார். ஆங்கிள்சீ போயிற்று. ஏரிஸ் இன்லெட்டில் வெள்ளைக் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டு மறைந்தது. "மெரினாவுல பாக்காத லைட்ஹவுஸா சார்?"

அப்புறம் ஒரு நினைவு வளைவு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3000 சிப்பாய்கள், 1919 முதல் 1932 வரை, கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பாறையை உடைத்துப் போட்ட சாலை இது. போரில் மாண்ட தோழர்களுக்கு இந்தச் சாலையேதான் நினைவுச்சின்னம். பக்கத்தில் அந்தச் சிப்பாய்களுக்குச் சிலையும் உண்டு என்று பிற்பாடு படித்தேன். நான் பார்த்தது முன்னால் போன கேரவனின் முதுகை.

லார்ன் தாண்டினால் வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கடல். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட அங்கங்கே ஒதுங்கிடம் வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், ஒழுங்காக ஒதுங்குவார். ஆனால் இஞ்சின் அணையாது. கதவில் கை வைத்தால், "இறங்கிடாதீங்க சார், கிளம்பிட்டோம்!" முன் சீட்டிலிருந்து அவர் மனைவி திரும்பாமலே முறுக்கு டப்பாவை நீட்டுவார். அவருக்குப் பழகிவிட்டது.

கென்னட் ரிவரில் ஒரு கூட்டமே அண்ணாந்து நின்றது. கோலா! "அது ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் தூங்கும் சார். எங்க போயிடப் போகுது? திரும்பி வரும்போது பாத்துக்கலாம்." திரும்பியது கோலாக் ஊர் வழியாக, உள்நாட்டு நெடுஞ்சாலையில். கடலும் இல்லை, கோலாவும் இல்லை.

ஒருவழியாகப் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள். வண்டி நின்றது! கடலுக்குள் நெட்டுக்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக்கல் தூண்களைப் பார்த்து வாயடைத்து நிற்கிறேன். தோளருகே குரல்: "நீங்க அப்பவே வந்திருக்கணும் சார். 2005ல ஒண்ணு விழுந்துருச்சு." அடுத்து லண்டன் பிரிட்ஜ். "இது கரையோட சேர்ந்து ரெட்டை வளைவா இருந்துச்சு. 1990ல ஒண்ணு இடிஞ்சிருச்சு. அதைப் பாத்திருக்கணும்!" 1990இல் அவர் திருச்சியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். இடிந்தபோது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில் மீட்டார்களாம். கொடுத்துவைத்தவர்கள். ஹெலிகாப்டர் வரும்வரை ஒரே இடத்தில் நின்று கடலைப் பார்த்திருப்பார்கள்.

பாவம், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சாரதியாக இருந்து அவரும் அந்தக் கடலை நிதானமாக நின்று பார்த்ததில்லை. இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும் என்று பறப்பதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு ஒரு ராத்திரி வழியில் அப்போலோ பே ஊரில் தங்கலாமே? அவ்வளவு நீளச் சாலையை ஒரே பகலில் விழுங்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

நீங்கள் போனால், மெல்பர்னிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் கிளம்புகின்றன. நினைவு வளைவிலும் நிற்கும், கோலாவுக்கும் நிற்கும். முதலில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். அப்புறம் இவருக்குப் போன் பண்ணுங்கள்.