இரட்டை டிஸ்க்கும் இல்லறமும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

1956-ஐ இவ்வாய்வு தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. அந்தப் பொங்கலுக்குத்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதே ஆண்டு செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. 24 அங்குல அகலத் தட்டுகள் 50, எடை ஏறத்தாழ ஒரு டன், கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்றைய செல்போன் படம் ஒன்றிரண்டு போட்டால் நிரம்பிவிடும். முன்னது குகையில் பதுக்கும் கதை, பின்னது பதுக்குவதற்கான குகை. தொடர்பில்லை என்போர் மறுப்புக் கட்டுரை எழுதலாம்.

குகையைப் பற்றி இன்னொன்று. அலிபாபாவின் அண்ணன் காசிமுக்கு உள்ளே போன பிறகுதான் கடவுச்சொல் மறந்தது. நாஸ் எனும் வீட்டு நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் என்கிரிப்ஷன் போட்டுவிட்டுச் சாவியை மறந்தவருக்கும் அதே கதிதான். பெட்டியைச் செய்த கம்பெனியாலும் திறக்க முடியாது. டைரியில் எழுதிவைப்பதே சாலச் சிறந்தது.

இனி களஆய்வு. ராசிபுரத்தில் ஒரு கல்யாணம் என்றால் ஸ்டூடியோக்காரர் ஆல்பத்தோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் தருகிறார். அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போகிறது. அடுத்து வளைகாப்பு, காதுகுத்து. புடவைக்கு அடியில் இடம் தீர்ந்த பிறகே வீட்டுக்கு நாஸ் வருகிறது.

எங்கே வைப்பது? அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. டிவி ஸ்டாண்டு ஒரு கட்சி, ரவுட்டர் பக்கம் மறு கட்சி, மாடிப்படிக்கு அடியில் என்பது மூன்றாவது. அதிர்வு ஆகாது என்பதில் மட்டும் ஒற்றுமை. 2008 இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், அடுக்கிவைத்த டிஸ்க்குகளின் முன் நின்று கத்திப் பார்த்தார். டிஸ்க்குகள் பதில் சொல்லத் தாமதித்ததைக் கணினித் திரை காட்டியது. ஒரு மனிதக் குரலுக்கே இந்தப் பாடு என்றால், பக்கத்துக் காலிமனையில் திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி இறங்கும் நாளில் என்ன ஆகும்? இத்துறையில் ஆய்வுகள் போதாது.

டிஸ்க்கைத் தட்டில் வைத்து 'க்ளிக்' சத்தம் வரும்வரை தள்ளினால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்று திரை எச்சரிக்கும். யாரும் படிப்பதில்லை. கல்யாண வீடியோ இருக்கும் பழைய டிஸ்க்கையே மாட்டியவர் மட்டும் பிறகு படிக்கிறார்.

பிறகுதான் சண்டை. 4 டிபி என்று வாங்கியது 3.63 என்று காட்டும். கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், பெட்டி 1024-ஆக எண்ணுகிறது. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். டிஸ்க்குகளை ஜோடி சேர்க்கும் ரெய்டு முறையில் 'ரெய்டு 1' போட்டால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கு, பாதி இடம் போச்சு.

"ஏனுங்க, ரெண்டுக்கும் காசு குடுத்துட்டு ஒண்ணுலதான் போடுவீங்களா?"

1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இக்கேள்விக்குக் குடும்பத்தார் ஏற்கும் விடை இல்லை. சிக்கனம் கருதி ரெய்டு 0 போட்டால் முழு இடமும் கிடைக்கும். ஒன்று செத்தால் இரண்டிலும் உள்ளது போகும்.

நாமக்கல்லில் ரெய்டு 1-ஐ விளக்க லாரியே போதும். பின்னால் ஜோடி டயரில் ஒன்று வெடித்தால் மற்றது தாங்கும். வண்டியே பள்ளத்தில் இறங்கினால் எத்தனை டயர் இருந்து என்ன? அக்கா பையன் ஃபோட்டோ ஃபோல்டரை அழித்தால், அடுத்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அழிந்திருக்கும். ரெய்டு பிழைக்கவைப்பது பெட்டியைத்தான், படங்களை அல்ல. இதைப் பெட்டி விற்பவர்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஜோடி அடுத்தடுத்துச் சாகவும் கூடும். செத்ததற்குப் பதில் வந்த புது டிஸ்க்குக்குச் சரக்கை நகலெடுக்கும் பல மணி நேரமும் மிஞ்சிய கிழடுதான் மூச்சிரைக்க ஓடுகிறது.

ஆகவே மூன்றாவது பிரதி ஒன்று வேறு ஊரில் இருந்தாக வேண்டும். ஆத்தூர் சித்தி வீட்டுப் பீரோ இதற்குத் தகுந்த இடம். அதைப் போய் வாங்கிவந்து, புதுப் படங்களை ஏற்றி, திரும்பக் கொண்டுபோய் வைப்பது மாப்பிள்ளையா மச்சானா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆடி நோம்பிக்குப் பேசிக்கொள்வதாக இருக்கிறார்கள்.