விழாக் கமிட்டித் தலைவருக்கு, வேல்ஸிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நன்கொடை ரசீதின் படத்தோடு நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. ஆடித் திருவிழாவுக்கு இந்த வருஷம் டிவி புகழ் பாடகரை ஆர்க்கெஸ்ட்ராவோடு கொண்டுவரக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது, வெளிநாட்டில் இருப்பவர்கள் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பது முதல் பாதி. "உங்க ஊர்ல திருவிழா கிருவிழா எல்லாம் உண்டா, இல்ல ஆடும் மழையும்தானா?" என்பது இரண்டாம் பாதி. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பணம் கேட்டால் வியாசம் அனுப்புகிறான் என்று சித்தி சொல்வார்கள். சொல்லட்டும். பணத்துக்கான பதிலும் இந்த வியாசத்துக்குள்ளேதான் இருக்கிறது, கடைசிவரை படிக்கிறவர்களுக்குக் கிடைக்கும்.

ஆடும் மழையும் உண்டு, மறுக்கவில்லை. வேல்ஸில் மனிதர்கள் 31 லட்சம், ஆடுகள் அதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். மழையை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை இவர்களுடைய நாள்காட்டியைப் பாருங்கள். மே கடைசி வாரம் உர்த் என்ற இளைஞர் இயக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் கலைப்போட்டி. ஜூனில் லன்ஊர்ட்டிட் வெல்ஸ் என்ற ஊரில் மனிதனும் குதிரையும் ஒன்றாக ஓடும் பந்தயம். ஜூலையில் லங்கோத்லென் சர்வதேச இசைவிழா. அதே மாதம் பில்த் வெல்ஸ் பக்கம் ராயல் வெல்ஷ் ஷோ, அதில் கிடாவுக்குக்கூட மார்க் போட்டு ரிப்பன் கட்டுவார்கள். ஆகஸ்ட் 1 முதல் 8 வரை கார்டிகன் நகரத்துக்குப் பக்கத்தில் தேசிய ஐஸ்டெத்வோட் என்ற கலைவிழா. அந்த மாதக் கடைசியில் சேற்றுக் கால்வாயில் நீந்தும் உலகச் சாம்பியன் போட்டி. இந்தப் பட்டியலில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எல்லாமே போட்டி. வந்து பாடிவிட்டுப் போகும் ஆளை நம்பி எதுவும் நிற்கவில்லை. ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு ஜெயிக்கவும் தோற்கவும் இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு விழா நிலைக்கும் என்று நான் நினைக்கிறேன். கமிட்டியின் தீர்மானத்தில் எனக்கு இருக்கும் ஆட்சேபம் இதுவே, பாடகர்மேல் ஒரு கோபமும் இல்லை.

பெரிய சாட்சியான ஐஸ்டெத்வோடிலிருந்து தொடங்குகிறேன். 1176இல் ரிஸ் என்ற சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் கவிஞர்களையும் இசைக்காரர்களையும் கூட்டி, இரண்டு போட்டி வைத்து, ஜெயித்தவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி கொடுத்தார். போட்டி நடக்கப்போவதை ஒரு வருஷம் முன்பே வேல்ஸ், இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து எங்கும் அறிவித்திருக்கிறார்கள். கவிதைப் பரிசு வடக்கே இருந்து வந்தவர்களுக்குப் போயிற்று. இசைப் பரிசு அரசருடைய அரண்மனை ஆளுக்கே கிடைத்தது. (கமிட்டித் தலைவரின் சொந்தக்காரருக்குப் பரிசு என்பது உலகப் பொது வழக்கம் போலிருக்கிறது.) அது நடந்து 850 வருஷம் ஆகிறது, அதனால்தான் இந்த வருஷ விழா அந்தப் பக்கம் வருகிறது. நடுவில் விட்டுப்போய், மறந்துபோய், மதுக்கடைச் சந்திப்பாகச் சுருங்கி, 1861இல் அபர்டேரில் தேசிய விழாவாக மறுபடி எழுந்தது. இப்போது ஒரு வருஷம் வடக்கில், ஒரு வருஷம் தெற்கில். விழாவைக் குறைந்தது ஒரு வருஷமும் ஒரு நாளும் முன்னதாகப் பிரகடனம் செய்ய வேண்டும் என்ற விதி இன்றைக்கும் உண்டு. நம் ஆர்க்கெஸ்ட்ரா முதல் நாள் ராத்திரிவரை வருமா வராதா என்று தெரியாமல் இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க நான் விரும்பவில்லை.

"பழைய பெருமை உள்ள ஊர், அவர்களுக்கு அதெல்லாம் தானாக நடக்கும்" என்று செயலாளர் மாமா சொல்வார். இதற்குப் பதிலாகக் கல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். விழாவில் வெள்ளை, பச்சை, நீல அங்கிகளில் புலவர் சபை ஒன்று ஊர்வலம் வரும். பழங்காலத்தது போலிருக்கும் கல்வட்டத்துக்குள் நின்று சடங்கு செய்யும். பார்த்தால் இயேசு பிறப்பதற்கு முன்பே தொடங்கியது என்று தோன்றும். தொடங்கியது 1792இல், லண்டனில் ஒரு குன்றின்மேல். தொடங்கிவைத்தவர் யோலோ மோர்கானுக் என்ற புனைபெயர் கொண்ட கல்தச்சர். பழஞ்சுவடி என்று சொல்லித் தானே எழுதி விட்டவர், அந்தத் துறையில் மேதை. 1819இல் கர்மார்தனில் இந்தச் சபையை ஐஸ்டெத்வோடோடு ஒட்டவைத்தார், அது இன்றுவரை பிரியவில்லை. சரி, கல்லாவது கல்லா? முன்பெல்லாம் விழா நடக்கும் ஒவ்வொரு ஊரிலும் நிஜப் பாறைகளை நட்டார்கள், பூங்காக்களில் அவை இன்னும் நிற்கின்றன. இந்த நூற்றாண்டு பிறந்தபின் செலவைப் பார்த்து ஃபைபர்கிளாஸ் கல் செய்துகொண்டார்கள். அதாவது நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கும் அதற்கும் பொருள் ஒன்றே. தொன்மை லாரியில் வருகிறது. தொன்மையை இறக்கி, வட்டமாக வைத்து, காற்றில் சாயாமல் நிறுத்துகிறார்கள். வாரம் முடிந்ததும் தொன்மை மறுபடி லாரி ஏறி அடுத்த வருஷம்வரை எங்கோ ஒரு கொட்டகையில் கிடக்கிறது. மழை வந்தால் புலவர் சபை உள்ளே போய்விடும், கற்கள் மட்டும் நனையும். நனைந்தால் என்ன, துருப்பிடிக்காது. தட்டிப் பார்த்தால் டம்மென்று கேட்கக்கூடிய கற்களுக்கு நடுவில் நாட்டின் பெரிய புலவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் நிற்கிறார்கள். கூட்டத்தில் எல்லாருக்கும் அது ஃபைபர்கிளாஸ் என்று தெரியும், யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. ஆக, பெருமை பழையதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை சித்தப்பா. வருஷா வருஷம் ஆள் வந்து தூக்கி வைத்தால் போதும்.

போலிக் கல்லுக்கு நடுவில் அவர்கள் கறாராக வைத்திருப்பது தீர்ப்பை. கவிதைக்குத் திங்கட்கிழமை கிரீடம், வெள்ளிக்கிழமை நாற்காலி. நாற்காலிக் கவிதை பழைய யாப்பில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்குள்ளும் மெய்யொலிகள் கணக்குப்படி திரும்பி வர வேண்டும், நம் எதுகை மோனை படித்தவர்களுக்கே மூச்சு வாங்கும். எல்லாரும் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். ஜெயித்தவர் யார் என்பது அரங்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நடுவர் தீர்ப்பை விளக்கிச் சொன்னபின், இன்ன பெயரில் எழுதியவர் எக்காளம் ஊதும்போது எழுந்து நிற்கட்டும் என்பார்கள். இருட்டில் விளக்கொளி தேடும், எங்கோ ஒரு வரிசையில் ஒருவர் எழுந்திருப்பார். பிறகு தலைமைப் புலவர் அமைதி உண்டா என்று மூன்று தடவை கேட்பார், கூட்டம் அமைதி என்று கத்தும். பெரிய வாளைப் பாதிதான் உருவுவார்கள், முழுசாக உருவுவதே இல்லை. தகுதியான கவிதை வரவில்லை என்றால் நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்க, மரவேலை செய்தவர் மாதக்கணக்கில் செதுக்கியிருக்க, ஆளில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 1917இல் பர்க்கன்ஹெட்டில் எக்காளம் ஊதியபோது யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெயித்த ஹெத் வின் என்ற ஆட்டு மந்தைக்காரர் ஐந்து வாரம் முன்பு, ஜூலை 31 அன்று, பெல்ஜியப் போர்க்களத்தில் இறந்துபோயிருந்தார். நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அதைச் செதுக்கியவர் பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் அகதி. அந்த நாற்காலி இன்றும் ஹெத் வின்னுடைய பண்ணை வீட்டில் இருக்கிறது. 2001இல் மெரெரித் ஹாப்வுட் எழுந்து நின்றபோதுதான் ஒரு பெண்ணுக்கு முதல்முதலாக நாற்காலிப் பரிசு கிடைத்தது; இத்தனை காலம் ஆனதற்கு யாப்பின்மேல் பழி போட முடியாது.

போட்டி வைத்தால் ஊர் இரண்டாகும் என்பீர்கள். நியாயமான பயம்தான், ஆனால் இவர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தோற்றவர் புனைபெயருக்குள்ளேயே இருந்துவிடலாம், மானம் போகாது. நடுவர்கள் ஒவ்வொரு கவிதையையும் பற்றி எழுதிய விமரிசனம், ஜெயித்த படைப்புகளோடு புத்தகமாக நாற்காலி விழா முடிந்த கையோடு விற்பனைக்கு வந்துவிடும். தீர்ப்புக்குக் காரணம் அச்சில் இருந்தால், காசு கைமாறிற்று என்று டீக்கடையில் பேச இடம் குறையும். சண்டை இல்லாமல் இல்லை, ஆனால் இவர்களுடைய சண்டை சந்தத்தைப் பற்றியது. இப்படி ஒரு சண்டை நம் ஊரில் நடந்தால் நான் விமானம் ஏறி வந்து பார்ப்பேன்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. 1950 முதல் மேடையில் வெல்ஷ் மொழி மட்டும்தான் என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். 2021 கணக்கெடுப்பின்படி நாட்டில் அந்த மொழி பேசுகிறவர்கள் 17.8 சதவீதம். மீதிப் பேரை வெளியே நிறுத்துவது என்ன விழா என்று இங்கேயும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதி இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலம் இரண்டே வருஷத்தில் மேடையையும் மைக்கையும் எடுத்துக்கொண்டிருக்கும். பேச்சு மேடையில் "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று ஆரம்பிக்கும் நம் ஆட்களைப் பார்த்த நமக்கு இது புரியாததா? தெரியாதவர்களுக்கு இலவசமாகக் காதில் மாட்டும் கருவி ஒன்று தருகிறார்கள், உடனுக்குடன் ஆங்கிலத்தில் ஓடும். நாற்காலிக் கவிதையை ஆங்கிலத்தில் கேட்பது வேறு மாதிரி துன்பம். மொழியைப் படித்துக்கொள்கிறவர்களுக்குத் தனியாக ஒரு கூடாரமும் ஒரு பரிசும் உண்டு.

"அரசாங்கம் பணம் தருகிறது, அவர்களுக்கென்ன" என்பது பொருளாளரின் வாதமாக இருக்கும். தருகிறது. ஆனாலும் விழா வரப்போகும் வட்டாரம் முன்கூட்டியே ஊர் ஊராகக் குழு போட்டு, காபிக் கூட்டம், கேக் விற்பனை, நடைப்பயணம் என்று தன் பங்கைத் திரட்ட வேண்டும். திரட்டும்போதே விழா பாதி நடந்துவிடுகிறது. கூட்டம் வராது என்பார் இன்னொருவர். ஒரு பிள்ளை பாடினால் அப்பா, அம்மா, பாட்டி, பிடிக்காத அத்தை உட்பட நான்கு பேராவது வந்தே தீருவார்கள். உர்த் போட்டி வட்டாரம், மாவட்டம் என்று சலித்துச் சலித்துக் கடைசிச் சுற்றுக்கு வருகிறது, ஒவ்வொரு சலிப்பிலும் நான்கு நான்கு பேர். நட்சத்திரம் வேண்டாமா என்றால், லங்கோத்லென்னைப் பாருங்கள். 1947இல், போர் முடிந்த கையோடு, உலகத்துப் பாடகர் குழுக்களை அந்தச் சின்ன ஊர் போட்டிக்கு அழைத்தது. 1955இல் இத்தாலியின் மோடெனாவிலிருந்து வந்த ஒரு குழு முதல் பரிசு வாங்கியது. அந்தக் குழுவில் அப்பாவோடு சேர்ந்து பாடிய இருபது வயதுக்கு உட்பட்ட பையன் லூச்சானோ பவரோட்டி. இப்போது மாலைக் கச்சேரிகளுக்கு அவர்களும் காசு கொடுத்து நட்சத்திரங்களைக் கொண்டுவருகிறார்கள். பவரோட்டி மட்டும் அங்கே காசில்லாமல் உருவானார்.

கவிதையும் பாட்டும் இல்லாத ஊர் என்ன செய்யும்? லன்ஊர்ட்டிட் வெல்ஸில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் சேறு இருக்கிறது. அறுபது கெஜக் கால்வாய் ஒன்று வெட்டி, அதில் போகவர நீந்த வேண்டும், கையை வீசி நீந்தக் கூடாது என்று விதி எழுதி, 1985 முதல் உலகப் பட்டம் கொடுக்கிறார்கள். அதற்கு முன்பே, 1980இல், மலைப்பாதையில் மனிதன் குதிரையை ஜெயிப்பானா என்று மதுக்கடையில் வந்த ஒரு வாக்குவாதத்தைப் பந்தயமாக்கினார்கள். பரிசுத்தொகையை வருஷத்துக்கு ஆயிரம் பவுண்டு ஏற்றிக்கொண்டே போனார்கள். 25ஆவது போட்டியில், 2004இல், ஹூ லாப் என்பவர் குதிரைகளை முந்தி 25,000 பவுண்டை எடுத்துப்போனார். அத்தனை வருஷமும் ஓடிய மனிதர் யாரும் குதிரையை முந்தாததால் கமிட்டிக்குச் செலவே இல்லை. பொருளாளருக்கு இந்தத் திட்டத்தை மட்டும் தனியாக எடுத்துச் சொல்லுங்கள், பிடிக்கும்.

எல்லாம் பிரமாதம் என்று நினைத்துவிடாதீர்கள். திடலுக்குள் போக டிக்கெட், கார் நிறுத்திய இடத்திலிருந்து அரை மணி சகதி நடை. சாப்பிட வரிசையில் நின்று விலை கொடுத்து வாங்குவது உருளைக்கிழங்கு வறுவல். பந்தியில் உட்காரவைத்து, வேண்டாம் என்று இலையை மறைத்தாலும் இன்னொரு கரண்டி ஊற்றுகிற ஆள் இந்த நாட்டிலேயே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குமேல் சத்தம் வந்தால் யாராவது புகார் எழுதுவார்கள். தவில் சத்தம் நெஞ்சுக்கூட்டில் இடிக்காத ஒன்றைத் திருவிழா என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. இங்கே கூட்டத்தில் யார் தோளாவது பட்டால் இரண்டு பேருமே மன்னிப்புக் கேட்கிறார்கள்; அதைக் கேட்கும்போது ஊர் ஞாபகம் ரொம்ப வருகிறது.

ஆகவே பணம் தருகிறேன், நிபந்தனையோடு. கோலம், கும்மி, வெண்பா, பிள்ளைகள் பாட்டு நான்குக்கும் பரிசு என் செலவு. நடுவர் வெளியூராக இருக்க வேண்டும், அத்திம்பேர் வேண்டாம். வெண்பாவுக்குப் புனைபெயர் கட்டாயம். தகுதியான வெண்பா வராவிட்டால் பரிசைப் பெட்டியில் பூட்டி அடுத்த வருஷத்துக்கு வைக்க வேண்டும், எம்.எல்.ஏ.வுக்குப் பொன்னாடை வாங்கக் கூடாது. பாடகருடைய மேனேஜருக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்றால், மேலே எழுதியது எதையும் கமிட்டியில் வாசிக்க வேண்டாம். என் பங்கு எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள், அனுப்பிவிடுகிறேன்.