பாவம் ஓரிடம், பழி ஓபலுக்கு

ஓபல் கல்லின் பூர்வீகத்தைக் கேட்டால் சப்பென்று ஆகிவிடும். மணலில் இருக்கும் அதே சிலிக்கா, கூடவே கொஞ்சம் தண்ணீர். ஆனால் கையில் வைத்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். பால் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பச்சை எட்டிப் பார்க்கும். உற்றுப் பார்ப்பதற்குள் ஆரஞ்சாகி, ஓரத்தில் நீலமாக நழுவிவிடும். நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்பதால் ஒளி படுத்தும் பாடு அது. இதில் மயங்கி மனிதர்கள் அடித்த கூத்துக்கெல்லாம் பழி மட்டும் கல்லின் மேல்.

ரோமில் நோனியஸ் என்று ஒரு செனட்டர். அவர் மோதிரத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஓர் ஓபல். விலை 20 லட்சம் செஸ்டெர்ஸ். ஒரு படைவீரனின் வருடச் சம்பளம் 900. அன்று பட்டாளத்தில் சேர்ந்தவன் இன்றுவரை ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்திருந்தாலும் பாக்கி நிற்கும். கல்லின்மேல் கண் வைத்த மார்க் ஆண்டனி, நோனியஸின் பெயரைத் தீர்த்துக்கட்ட வேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார். மனுஷன் சொத்து சுகமெல்லாம் விட்டுவிட்டு மோதிரத்தோடு மட்டும் கம்பி நீட்டினார். இதை எழுதிவைத்த ரோமானிய எழுத்தாளர் பிளினிக்கு இருவர் மேலும் எரிச்சல். எந்த உறுப்புக்காகத் தங்களைத் துரத்துகிறார்களோ அதைக் கடித்துப் போட்டுவிட்டு மிருகங்களே உயிர் பிழைக்கின்றன; இவருக்கு அந்த விவேகம்கூட இல்லையே என்று அலுத்துக்கொள்கிறார்.

ஓபல் இந்தியாவில் விளைகிறது என்றும் பிளினி சத்தியம் செய்கிறார். உண்மையில் ரோமுக்குப் போன சரக்கு பெரும்பாலும் இன்றைய ஸ்லோவாக்கியா மலைகளில் தோண்டியது என்கிறார்கள். தூரத்துச் சரக்கு என்றால்தான் விலை ஏறும் என்பது வியாபாரிகளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் கல்லுக்கு வேறு உத்தியோகம் கிடைத்தது: திருடர்களின் காவல் தெய்வம். நம் பிரிஞ்சி இலைக்கு உறவுக்காரரான லாரல் இலையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டால் ஆள் மறைந்துவிடுவானாம். மாட்டிக்கொண்டவனெல்லாம் இலையைச் சரியாகச் சுற்றாதவன் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள்.

அடுத்த அடி ஒரு நாவலிலிருந்து விழுந்தது. 1829இல் வால்டர் ஸ்காட் எழுதிய 'ஆன் ஆஃப் கையர்ஸ்டைன்' கதையில் ஒரு சீமாட்டி தலையில் ஓபல் சூடியிருப்பாள். அதில் ஒரு சொட்டுப் புனித நீர் தெறிக்கிறது. கல் ஒளி மங்குகிறது, அவள் மயங்குகிறாள், கடைசியில் அறையில் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல். கதைதானே என்று யாரும் விடவில்லை. ஓபல் ராசியில்லாத கல்லாகி, வியாபாரம் படுத்தது.

விக்டோரியா மகாராணி இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. மகள்களுக்கு ஓபல் நகையாகப் போட்டார். கணவர் ஆல்பர்ட் அவருக்காக வடிவமைத்த கிரீடத்திலும் ஓபல்கள்தான். மாமியார் கண்ணை மூடினார். மருமகள் அலெக்ஸாண்ட்ரா 1902இல் ஓபல்களைப் பிடுங்கிவிட்டு மாணிக்கங்களைப் பதிக்கச் சொன்னார். மாமியார் நகை மருமகளுக்குப் பிடிக்காமல் போக, சாபம் வேண்டுமா என்ன?

பிறகு, ஆஸ்திரேலியாவில் 1915இல் தங்கம் தேடிப் போன கூட்டத்திலிருந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையன், தண்ணீர் தேடப் போய் ஓபலோடு திரும்பினான். அங்கே முளைத்த கூபர் பீடி என்ற ஊரில் வெயிலுக்குப் பயந்து பலர் பூமிக்கடியில் வீடு குடைந்து வாழ்கிறார்கள், தேவாலயமும் கீழேதான்.

ராசியில்லாத கல் என்ற கெட்ட பெயருக்கு அமெரிக்க நகைக்காரர்கள் இதற்கும் முன்னரே ஒரு பரிகாரம் கண்டிருந்தார்கள். 1912இல் மாதக் கற்கள் பட்டியல் போட்டபோது ஓபலை அக்டோபருக்கு ஒதுக்கினார்கள். அக்டோபரில் பிறந்தவர்களை மட்டும் கல் ஒன்றும் செய்யாது என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. ஒரு கல்லுக்கு மாதம் பார்த்துக் கடிக்கத் தெரியும் என்று நம்புகிறவர்கள் இருக்கும்வரை, நகைக்கடைக்காரருக்கு எல்லா மாதமும் ராசியான மாதம்தான்.