காலுக்கும் வயிற்றுக்கும்

செருப்பில்லாமல் கொழுந்து எடுத்தால் வயிற்றில் பூச்சி வரும் என்கிறார் டிஸ்பென்சரி ஐயா. காலுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, அப்புத்தளை

காலைச் சுற்றிய பாம்பாவது கடித்துவிட்டுப் போகும். காலைத் துளைத்த கொக்கிப்புழு குடியேறிவிடும்! ஈர மண்ணிலிருந்து பாதத் தோலுக்குள் நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரல் சேர்ந்து, தொண்டைக்கு ஏறி, நாம் விழுங்கக் குடலுக்கு இறங்குகிறது. அங்கே வருடக்கணக்கில் இரத்தம் உறிஞ்சும். வெள்ளணுக்கள் திரண்டு போராடினாலும் முழுதாக விரட்ட முடிவதில்லை. மருந்து குடித்துத் தேறியவருக்கே மறுபடியும் வரும்.

1916இல் ராக்ஃபெல்லர் அறநிலையத்தார் இலங்கைத் தோட்டங்களில் மருந்து கொடுத்தார்கள். ஆனால் புழுவின் முட்டை மலத்தோடுதான் மண்ணுக்குப் போகிறது; கக்கூசு இல்லாத லயங்களுக்குப் புழு திரும்பி வந்தது. செருப்பை நீங்கள் போடுங்கள். கொழுந்து மலையில் கக்கூசு எங்கே என்று துரையிடம் கேளுங்கள்.