டிராக்டர் திருப்பள்ளியெழுச்சி

முதல் அறிவுரை: எஞ்சினை அணைக்காதீர்கள்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் தண்ணீர் டேங்கர் இழுக்கும் பழைய டிராக்டர்கள் விடியற்காலையில் எப்படியோ உயிர் பெற்றுவிட்டால், ராத்திரி ஷெட்டுக்குத் திரும்பும்வரை உறுமிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது டிரைவரின் அலட்சியம் அல்ல, முன்யோசனை. சம்ப்பில் தண்ணீர் இறங்கும்வரை ஓடும். டிரைவர் டீ குடித்து முடிக்கும்வரை ஓடும். போன மாத பாக்கிக்காக வாட்ச்மேனோடு நடக்கும் வாக்குவாதம் முடியும்வரையும் ஓடும். மூன்றாவது மாடியிலிருந்து ஓர் அம்மா, "வீடெல்லாம் புகையா வருதுப்பா, ஆஃப் பண்ணு" என்று குரல் கொடுத்தால், "பண்றேம்மா, அப்புறம் தள்ளறதுக்கு நாலு பேரை அனுப்புங்க" என்று பணிவாகப் பதில் சொல்லவும். ஜன்னல் சாத்தப்படும்.

இதைக் கடைப்பிடிக்கிறவர்களுக்கு மேற்கொண்டு எதுவும் தேவையில்லை. டீசல் விலையை நினைத்துத் தூக்கம் வராதவர்கள் மட்டும் தொடரலாம்.

உங்களிடம் இருப்பது என்ன வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர்ப்பலகை எப்போதோ உதிர்ந்திருக்கும். துருவுக்கு அடியில் சிவப்பு தெரிந்தால், 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபேயின் மாசி ஃபெர்குசன் 1035 ஆக இருக்கலாம். அல்லது எச்.எம்.டி.யின் ஜீட்டராக இருக்கலாம். பெங்களூரில் எச்.எம்.டி. என்றால் எல்லோரும் மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். ஆனால் இந்த ஊரில் தலைமையகம் வைத்திருந்த அதே நிறுவனம்தான் 1971இல் செக்கோஸ்லோவாக்கியக் கூட்டில் ஹரியானாவின் பிஞ்சோரில் டிராக்டர் செய்யத் தொடங்கியது. 2016இல் மத்திய அமைச்சரவை அந்தப் பிரிவை மூட முடிவெடுத்தது. ஆகவே உதிரிபாகம் கேட்டுக் கம்பெனிக்கு எழுதுவது வீண், ஜே.சி. ரோட்டுக்குப் போகவும், அங்கே கிடைக்காவிட்டால் சிவாஜி நகர் குஜிரிக்கு, அதாவது பழைய சாமான் சந்தைக்கு. வண்டி 1973 நவம்பருக்கு முன் பதிவானது என்றால் அது கர்நாடகம் என்ற பெயரைவிட மூத்தது, மைசூர் மாநிலத்து வண்டி. கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள்.

உழுவதற்குச் செய்த வண்டி இங்கே தண்ணீரைத்தான் அறுவடை செய்கிறது. 2024 கோடையில் பெங்களூரின் 13,900 போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்னார், தன் வீட்டு போர்வெல்லும் வற்றியதை மறைக்காமல் சொன்னார். அந்த மார்ச் மாதம் மாவட்ட நிர்வாகம் டேங்கர் தண்ணீருக்கு உச்ச விலை வைத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய். அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவருவதாகத் தொடங்கிவைக்கப்பட்டது. டேங்கர் டிராக்டர்கள் அந்தச் செய்தியைப் படித்ததாகத் தெரியவில்லை.

இனி, அணைத்தே தீர வேண்டியவர்களுக்கு. வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். இந்த வட்டாரத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் வீடு பார்க்கும்போது வாஸ்து பார்ப்பதில்லை, சரிவு பார்க்கிறார்கள். கியரைப் போட்டு, கிளட்சை மிதித்து, வண்டி உருளத் தொடங்கியதும் கிளட்சை விட்டால் சக்கரம் எஞ்சினைச் சுற்றும். பேட்டரியின் தயவு வேண்டாம். ஒரே ஒரு சின்ன விஷயம். பின்னால் 5,000 லிட்டர் என்பது ஐந்து டன். இழுவைத் தொட்டிகளில் பலவற்றுக்குத் தனியாக பிரேக் கிடையாது. எஞ்சின் பற்றாவிட்டால் லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் இறக்கத்தில் உங்களை நிறுத்தப்போவது முன்னால் போகிற ஆட்டோதான். அந்த ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மேடு கிடைக்காதவர்கள் பழி போட ஆள் தேடுவார்கள். மார்கழிக் குளிர் எப்போதும் தயாராக இருக்கிறது. "சளிக்காலம்ண்ணா, இப்படித்தான் மக்கர் பண்ணும்" என்றால் ஓனர் தலையாட்டிவிடுவார். பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, 1884 ஜனவரி 13 அன்று. அப்போது டிராக்டரும் பிறக்கவில்லை, டீசல் எஞ்சினும் பிறக்கவில்லை. பஞ்சாபில் ஜனவரி விடியலில் நான்கு டிகிரியிலும் டிராக்டர்கள் எழுந்து வயலுக்குப் போகின்றன. பதினைந்து டிகிரியில் எழ மறுக்கும் வண்டிக்கு வேண்டியது கம்பளி அல்ல. கொஞ்சம் படித்த டிரைவராக இருந்தால், கடல் மட்டத்துக்கு மேலே தொள்ளாயிரம் மீட்டர், காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு என்று ஊரின் உயரத்தையும் குற்றம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ரிங் தேய்ந்த எஞ்சின்தான் அதைப் பொருட்படுத்தும்.

நடப்பது என்ன என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பிறகு கேலிக்குத் திரும்பலாம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறில் அல்லது பதினேழில் ஒரு பங்காகப் பிஸ்டன் நசுக்குகிறது. நசுங்கிய காற்றின் சூடு ஐந்நூறு டிகிரியைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் பொடிப்பொடியாகத் தூவினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆகவே செல்ஃப் மோட்டார் எஞ்சினை வேகமாகச் சுற்ற வேண்டும், நசுங்கும் காற்று கசியக்கூடாது, டீசல் வந்து சேர வேண்டும். இந்த மூன்றில் எது இல்லை என்று பார்ப்பதுதான் வேலை. இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலுக்கே வண்டி உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. 1893 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் செய்த முதல் சோதனையில் அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரியில்தான் எஞ்சின் தானாக ஓடியது, அதுவும் ஒரு நிமிடம். ஆறு மாதம் தாமதமானதற்குக் காரணம், ஆக்ஸ்பர்க் தெருவில் போகிற வருகிறவர்கள் நின்று, "ஏர் லாக் ஆயிருக்கு குரு" என்று சொல்லாததுதான்.

இங்கே அந்தக் குறை இல்லை. பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று ஆளுக்கொரு மொழியில் பேசினாலும் 'ஏர் லாக்' மட்டும் எல்லோருக்கும் பொது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொருவரும் ஆளுக்கொரு நட்டைத் தளர்த்தி நிரூபிக்கப் பார்ப்பார்கள். ஏற்கெனவே இருந்த காற்றோடு புதிதாக நாலு இடத்தில் காற்று புகும். பால் வாங்க வந்தவர் கையில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் எப்படி வந்தது என்று விசாரிக்க வேண்டாம்.

அடுத்து வீரசாகசங்கள். எண்ணெய்த் துணியைக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் பிடிப்பது பழைய முறை. சூடான காற்று உள்ளே போகும் என்பது சரிதான். பல பழைய டிராக்டர்களில் ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு கிண்ணம் நிறைய எண்ணெய் இருக்கிறது என்பதும் சரிதான். இரண்டு சரிகளும் சந்தித்துக்கொள்ளும்போது அருகில் டேங்கர் தண்ணீரோடு நிற்பது உங்கள் அதிர்ஷ்டம். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே புதிய முறை. அதில் இருக்கும் ஈதர், பிஸ்டன் மேலே போய்ச் சேருவதற்கு முன்பே வெடிக்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ரிங் உடையும். ரிங் உடைந்தால் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் ஸ்பிரே வேண்டும். இப்படியே பழகிவிட்ட வண்டிகளை ஒருநாள் நிறுத்தவும் முடியாது, திருத்தவும் முடியாது. மேனிஃபோல்டில் ஹீட்டர் உள்ள வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டே ஸ்பிரே அடிப்பவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

ஸ்க்ரூடிரைவரை வைத்து செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் இணைப்பது கடைசி வித்தை. பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்றபடி செய்வார்கள். வண்டி கியரில் இருந்தால் எஞ்சின் சுற்றிய கணமே சக்கரம் ஆள்மேல் ஏறும். பழைய டீசல் வண்டியைச் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது; ஸ்டாப்பர் கம்பியை இழுக்க வேண்டும், அதற்கு சீட்டுக்குப் போக வேண்டும். இதில் கேலிக்கு இடமில்லை. யாராவது செய்யப் போனால் கையைப் பிடித்து இழுத்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்து, பேட்டரியும் இறங்கி, தண்ணீர் கேட்டு இரண்டு அபார்ட்மென்ட் செயலாளர்கள் போன் செய்த பிறகு மெக்கானிக் பாயைக் கூப்பிடுங்கள். முதலிலேயே கூப்பிட்டால் அவருக்குச் சுவாரஸ்யம் இருக்காது. பாய் பானெட்டைத் திறக்க மாட்டார். சைலன்சர் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, "அடி செல்ஃபை" என்பார். எஞ்சின் சுற்றும்போது புகையே வரவில்லையா? டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, பற்றிக்கொள்ளவில்லை. கூட்டத்தில் இருந்த பத்துப் பேரும் எஞ்சினையே முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர்கூடப் புகையைப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

புகை இல்லாவிட்டால் பாய் பார்ப்பது ஸ்டாப்பர் கம்பியை. முந்தின இரவு இழுத்தது இழுத்தபடியே இருக்கும். அதைத் தள்ளிவிட்டு வாங்கும் கூலிதான் உலகத்திலேயே நியாயமான கூலி என்பது என் கருத்து. அடுத்து டேங்க் மூடியைத் திறப்பார். 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் ஓட்டை அடைபட்டிருக்கிறது, ஒரு குண்டூசி போதும். அதன் பிறகுதான் ஏர் எடுப்பது. டீசல் ஃபில்டர் மேல் உள்ள திருகை இரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்ப்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். நுரைநுரையாக வரும் டீசல் குமிழி இல்லாமல் வரத் தொடங்கியதும் திருகை இறுக்கிவிட்டு, இன்ஜெக்ஷன் பம்ப்பின் திருகில் இதையே செய்ய வேண்டும். கடைசியாக நாசிலுக்குப் போகும் பைப்புகளின் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்க வேண்டும். விரலை மட்டும் அங்கே வைக்காதீர்கள். நாசிலுக்கு டீசல் இருநூறு பார் அளவு அழுத்தத்தில் போகிறது. தோலைத் துளைத்து உள்ளே போனால் உடனே ஆஸ்பத்திரிதான்.

ஏர் எடுத்த வண்டி அடுத்த நாளும் எழவில்லை என்றால் காற்று எங்கோ தினமும் புகுகிறது. பெரும்பாலும் டீசல் லைனின் போல்ட்டுகளில் உள்ள செப்பு வாஷர். மலிவான பொருள் என்பதாலேயே யாரும் அதை மாற்றுவதில்லை. பழசையே திருப்பிப் போட்டு முறுக்குவார்கள்.

வெள்ளைப் புகை என்றால் பாய் பேட்டரியைப் பார்ப்பார். செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் ஒன்பதரைக்குக் கீழே இறங்கினால் பேட்டரி போய்விட்டது. இறங்காமலே மெதுவாகச் சுற்றினால் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும், சேசிஸோடு சேரும் எர்த் வயரின் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட வேண்டும். புது பேட்டரி வாங்கி, அதே துருப்பிடித்த எர்த் வயரில் மாட்டி, அதுவும் வீணென்று கடைக்காரரோடு சண்டை போடுவது இந்தத் தொழிலின் சடங்குகளில் ஒன்று.

இன்ஜெக்ஷன் பம்ப்பை மட்டும் பிரிக்காதீர்கள். அநேகமாக அதன் மேல் மைக்கோ என்று எழுதியிருக்கும். 1951இல் தொடங்கிய அந்த நிறுவனம் இந்த ஊரின் ஆடுகோடியில் செய்த பம்ப். மைக்கோ 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆடுகோடி தொழிற்சாலை இருந்த இடத்தில் கட்டிய ஸ்மார்ட் கேம்பஸைப் பிரதமர் 2022இல் திறந்துவைத்தார். பம்ப் எதையும் மாற்றிக்கொள்ளாமல் உங்கள் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் சீலை உடைத்து ஒரு திருகை அரைச் சுற்று திருப்பினால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர், டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடைக்கு உங்களை அனுப்பப் போகிறார் என்று பொருள்.

எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகைதான் என்றால், ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. பாய் காற்று போகும் வழியில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு அடிக்கச் சொல்வார். ஆயில் இடைவெளியை அடைத்துக்கொள்ள, வண்டி அன்றைக்கு மட்டும் எழும். எஞ்சினை இறக்கிப் பிரிக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விற்றுவிடலாம் என்று முடிவெடுங்கள்.

விற்பதற்கும் முறை உண்டு. வாங்க வருகிறவர் எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னால் ஏழு மணிக்கே வண்டியை எழுப்பி, ஓட்டி, அணைத்து, துடைத்து வைக்கவும். சூடான எஞ்சின் ஒரே அடியில் பற்றிக்கொள்ளும். ஹொஸ்கோட்டையிலிருந்தோ மாலூரிலிருந்தோ வரும் அந்தப் பெரியவர் சாவியைக் கேட்க மாட்டார். டயரைப் பார்க்க மாட்டார். நேராகப் போய் சிலிண்டர் ஹெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். வைத்த கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குது தம்பி. நாளைக்கு விடிகாலையில அஞ்சு மணிக்கு வர்றேன், நான் வர்ற வரைக்கும் எழுப்பாதீங்க" என்பார்.